பேரைச் சொன்னால் கதவு திறக்கும்

கும்மிடிப்பூண்டி
8-4-1974

சௌபாக்கியவதி ஹேமாம்புஜத்துக்கு அண்ணா பராசரன் ஆசீர்வாதம். நான் சௌக்கியம் என்று எழுதத்தான் வேண்டும். வயிற்றெரிச்சல் மட்டும் மெட்ராஸ் ஆபீஸிலிருந்து என்னோடு கூடவே டிரான்ஸ்பராகி வந்துவிட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் ஆத்துக்காரர் எம்பாருக்குக் கோவில் கைங்கரியம் தடையில்லாமல் நடக்கிறதா? புக்ககத்திலிருந்து சின்னவள் பூமா லெட்டர் போடுகிறாளா?

இங்கே ஹெட்கிளார்க் என்றால் ஆபீஸ் வேலை மட்டும் இல்லையாம். தொழிலாளர் மன்றத்துக்குத் தலைவராகவும் உட்கார வேண்டுமாம். உட்கார்ந்தேன். ஞாயிறு நாலு மணிக்கு கேன்டீன் தகரக் கொட்டகையில் நாடகம் போடுகிறார்கள், வாரம் ஒரு பாகம். எழுதினவன் ஸ்டோர் கீப்பர் தானியேல். கப்பலில் போன அவன் மச்சான் ஏதோ வெள்ளைக்காரப் படக்கதை சொன்னானாம். அதைக் கேட்டுவிட்டு இவனுக்கு இலக்கியம் பொங்கிவிட்டது.

கதையைக் கேள். ஒரு ஊரில் செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். அவர்கள் கடித்தால் கடிபட்டவனும் அப்படியே ஆகிவிடுவான். மிச்சமிருக்கிற பத்துப் பேர் ஒரு ரைஸ்மில்லுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். வெளியே யாராவது தட்டினால் உள்ளேயிருந்து பேர் கேட்க வேண்டும். உயிரோடிருப்பவன் பேர் சொல்லுவான். பிணத்துக்குத் தன் பேர் நினைவிருக்காது. பேர் சொன்னால்தான் தாழ்ப்பாளை எடுக்கலாம். இதுதான் சட்டம். செத்தவன் நடப்பானாம், தட்டுவானாம், பேர் மட்டும் மறந்துவிடுவானாம். முந்நூறு பேர் இதை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள்.

நான் முன்வரிசையில் நாற்காலி போட்டு மூன்று மணி நேரம் உட்காருகிறேன். அங்கே கொடுக்கிற டீ, போண்டா எதையும் தொடுவதில்லை. உன் மன்னி போனதிலிருந்து என் தளிகை என் கையால்தான். அதில் மாற்றமில்லை.

மற்றபடி விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

பராசரன்

—

திருவள்ளூர்
15-4-1974

அண்ணாவுக்கு ஹேமாம்புஜம் சேவித்து எழுதியது. நாங்கள் இருவரும் சுகம். முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை, நானும் அதன் பேச்சைக் கேட்பதில்லை. உங்கள் வயிற்றெரிச்சலுக்கு வெந்தயத்தை ஊறவைத்துச் சாப்பிடுங்கள். பூமா சௌக்கியம், நாலு மாசம்.

நாடகம் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ரைஸ்மில்லுக்குள் ஒரு தாயார் இருக்கிறாளா? அவளுடைய குழந்தை வெளியே இருக்கிறதா? அதை எழுதுங்கள்.

அண்ணா, அண்ணன் தங்கை லெட்டரை இவர் பிரித்துப் பார்ப்பதில்லை, அதனால் துணிந்து எழுதுகிறேன். சித்திரை பிறந்ததும் நாலு வருஷம் ஆகிவிட்டது. மூத்தவள் அரவிந்தவல்லி அந்த ஃபிட்டர் ஜெயராஜைக் கட்டிக்கொண்டு போன பத்தாம் நாள், நீங்கள்தான் எங்களைக் கிணற்றடியில் வரிசையாக உட்காரவைத்துத் தலையில் தண்ணீரை ஊற்றினீர்கள். பிணத்தை எடுத்த ஆத்துக்காரர்கள் குளிப்பது போலக் குளித்தோம். போனவள் போனவளே, இனி அவள் பேர் இந்த ஆத்தில் கேட்கக் கூடாது என்றீர்கள். பூமாவின் கல்யாணத்துக்காக என்றீர்கள். நானும் தலையைக் குனிந்தேன். அவள் இருக்கிறாளா, எந்த ஊரில் இருக்கிறாள், வயிற்றில் ஏதாவது வந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டால் போதும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கொல்லையில் நாரத்தை கொழுந்து விட்டிருக்கிறது. அவள் இருந்தால் கொழுந்து இலையைக் கசக்கி மோரில் போடுவாள். கசக்கும், வேண்டாமடி என்று திட்டுவேன். இப்போது யாரும் போடுவதில்லை.

இவர் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

ஹேமாம்புஜம்

—

கும்மிடிப்பூண்டி
22-4-1974

ஹேமாவுக்கு ஆசீர்வாதம். இருவரும் சுகமென்று அறிந்தேன். வெந்தயம் ஊறவைத்தேன், நாற்றம் அடித்தது, கொட்டிவிட்டேன்.

உன் லெட்டரில் பாதியைப் படித்தேன். மீதியைப் படிக்கவில்லை. தலைமுழுகினதைப் பற்றி எழுதுவது தலைமுழுகினதை அழிப்பதற்குச் சமம். அது போயிற்று. போனதற்கு ஊர் ஏது, விலாசம் ஏது? பூமா நல்ல இடத்தில் இருக்கிறாள் என்றால் அன்றைக்கு ஊற்றின தண்ணீரால்தான். இதை இத்தோடு விடு.

நாடகம் கேட்டாயே, சொல்கிறேன். இப்போது மில்லுக்குள் தண்ணீர்ச் சண்டை. கிணறு வெளியே இருக்கிறது. பிணத்தோடு பழகினவன் என்பதால் வெட்டியானை அனுப்பித் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார்கள். அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குடத்தோடு வருகிறான். குடத்தை வாங்கிக்கொள்கிறார்கள், அவனை மட்டும் கதவோரமாகத் தனியே உட்காரச் சொல்கிறார்கள். அவ்வளவுதான், கொட்டகை ரெண்டுபட்டது. கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற சாராள் எழுந்து நின்று, "தண்ணி மட்டும் எப்பிடி உள்ள வருது? அது அவன் கை பட்ட கொடம் தானே?" என்று கத்தினாள். லேத் குப்புராஜ் விடவில்லை. "இவுங்க எல்லாம் பொயைக்கவே தேவயில்ல, கதவத் தொறந்து வுட்டுடு" என்றான். தானியேல் திரைக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். யாரைக் குத்துகிறான் என்று எனக்குத் தெரியாதா? தலைவர் என்கிற முறையில் எழுந்து, ஆபத்துக் காலத்துக்குச் சாஸ்திரத்தில் தனி விதி இருக்கிறது, ஆபத்து நீங்கினால் பழைய விதி என்று சொன்னேன். குப்புராஜ், "ஆபத்து எப்போ சார் நீங்கும், எங்களுக்கு சொல்லி அனுப்புவீங்களா?" என்றான். இந்தக் கூட்டத்தோடு வாதம் செய்ய வேண்டியிருக்கிறது என் தலையெழுத்து.

ஒன்றே ஒன்றுதான் தேவலாம். போன வாரத்திலிருந்து இடைவேளையில் சாராள் ஒரு செம்பில் நீர்மோர் கொண்டுவருகிறாள். யார் வீட்டு மோர் என்று முதலிலேயே விசாரித்தேன். "நான் பண்ணல சார், உங்க ஐயருங்க ஊட்டுப் பொண்ணு ஒண்ணு எங்க லைன்ல கீது, அது கொடுத்தனுப்புச்சி" என்றாள். ஐயர் வேறு, நாங்கள் வேறு என்றேன். "எல்லாம் மோர்தானே சார்" என்றாள். ஒரு வாய் விட்டுப் பார்த்தேன். நம்மடவர் கைதான், சந்தேகமே இல்லை. சுக்கு, பெருங்காயம், பதமான உப்பு, அதோடு ஏதோ இலை வாசனை, எலுமிச்சையோ நாரத்தையோ. கைமணத்தை வைத்துக் குலத்தைச் சொல்லிவிடுவேன் நான். உதட்டில் படாமல் அண்ணாந்துதான் குடித்தேன். வயிற்றெரிச்சல் அன்றைக்கெல்லாம் அடங்கியிருந்தது.

எம்பாருக்கு என் விசாரிப்பு.

பராசரன்

—

திருவள்ளூர்
26-4-1974

அண்ணாவுக்கு சேவித்து. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியத்தை அந்த மோர் பார்த்துக்கொள்கிறது என்று தெரிந்து சந்தோஷம்.

அந்த இலை நாரத்தையா, எலுமிச்சையா? கிள்ளிப் போட்டிருந்ததா, கசக்கிப் போட்டிருந்ததா? அடுத்த தடவை செம்பைப் பார்த்து எழுதுங்கள்.

வேறு ஒன்றும் இல்லை. பதில் சீக்கிரம் வரட்டும்.

ஹேமாம்புஜம்

—

கும்மிடிப்பூண்டி
6-5-1974

ஹேமாவுக்கு ஆசீர்வாதம். நாலு வரி லெட்டர், அதில் மூன்று வரி மோர். உடம்பு சரியாகத்தான் இருக்கிறதா? நான் சௌக்கியம்.

நாரத்தைதான். கசக்கித்தான் போட்டிருக்கிறது. கொஞ்சம் கசக்கிறது, ஆனால் தொண்டைக்கு இதம். போதுமா?

நாடகம் இந்த வாரம் நீ கேட்ட இடத்துக்கு வந்துவிட்டது. மில்லுக்குள் ஒரு தாயார் இருக்கிறாள். அவள் பெண்ணைச் சாயங்காலம் ஏரிக்கரையில் கடித்துவிட்டதாகச் செய்தி வருகிறது. பாகம் முடிகிற நேரத்தில் கதவு தட்டப்படுகிறது. யார் என்று கேட்கிறார்கள். பதில் இல்லை. இடுக்கு வழியாகப் பார்க்கிறாள், பெண்தான் நிற்கிறது. பேர் கேட்கிறார்கள். நிற்கிறதே தவிரப் பேர் சொல்லவில்லை. திரை விழுந்தது.

இப்போது கொட்டகையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறான் தானியேல். தாயார் கதவைத் திறக்கலாமா, கூடாதா என்று பார்க்கிறவர்கள் சீட்டு எழுதிப் போட வேண்டுமாம், அதன்படி கடைசிப் பாகம் எழுதுவானாம். எழுதத் தெரிந்தவனுக்கு முடிவும் தெரிய வேண்டாமா? வேலை நேரத்திலேயே இதுதான் பேச்சு. குப்புராஜே இப்போது கட்சி மாறிவிட்டான். "தொறந்தா அத்தினி பேரும் காலி. உள்ள சின்னப் புள்ளைங்க கீது. அம்மான்னா இன்னா, சட்டம் சட்டம்தான்" என்கிறான். இத்தனை நாளில் அவன் பேசின ஒரே உருப்படியான பேச்சு. சாராள்தான் ஒப்புவதில்லை. "அதுக்குப் பேரு மறந்து போச்சின்னா அம்மாக்காரிக்குமா மறந்து போச்சி? உள்ளேர்ந்து அவ சொல்றது" என்கிறாள். சட்டத்தில் அப்படி ஒரு வழி கிடையாது என்று விளக்கினேன். தட்டுகிறவன்தான் பேர் சொல்ல வேண்டும், திறக்கிறவள் சொல்லக் கூடாது. கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதி என் சீட்டைப் போட்டுவிட்டேன். கதவைச் சாத்தத் தெரிந்தவன்தான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறான். அழுகிறவள் காப்பாற்றுவதில்லை.

ரயில் ஸ்டிரைக் வருகிறதாம். தபால் தாமதமானால் கவலைப்படாதே.

பராசரன்

—

திருவள்ளூர்
13-5-1974

அண்ணாவுக்கு சேவித்து. ஸ்டிரைக்கில் இது எப்போது வந்து சேருமோ தெரியவில்லை. சேருகிறபோது நீங்கள் ஆரோக்கியமாக இருக்க வேண்டும். நாங்கள் அப்படியே.

என் சீட்டையும் பெட்டியில் போடுங்கள். "திற" என்று எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் நியாயம் எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண் பேர் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லக் கூடாது என்று எத்தனை நாள் முன்னாலேயே சொல்லிவைத்தார்களோ, யார் கண்டது? பேரை எடுத்துக்கொண்டவர்களே பேர் எங்கே என்று கேட்டால் அது என்ன சொல்லும்? மூன்று லெட்டரில் ஒரு தடவையாவது நீங்கள் அரவிந்தவல்லி என்று எழுதினீர்களா? "அது" என்கிறீர்கள். மாட்டைக் கூடப் பேர் வைத்துத்தான் கூப்பிடுகிறோம்.

சாராள் என்பவளைக் கேளுங்கள், அந்த மோர் கொடுத்தனுப்புகிறவள் பேர் என்ன என்று. அவளிடம் மோர் நன்றாக இருந்தது என்றும் சொல்லியனுப்புங்கள். ஒருவர் கையால் வாங்கிக் குடித்தால் அந்த ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன். தினமும் தபால்காரன் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன்.

ஹேமாம்புஜம்

—

கும்மிடிப்பூண்டி
4-6-1974

ஹேமாவுக்கு ஆசீர்வாதம். உன் லெட்டர் ஸ்டிரைக் முடிந்த பிறகே வந்தது. இரும்பு வராததால் கம்பெனி மூன்று வாரம் படுத்துக் கிடந்தது. நாடகமும் இல்லை. நேற்று முன்தினம் ஞாயிறன்றுதான் மறுபடி ஆரம்பித்தார்கள்.

மோர்க்காரியை விசாரித்தேன். யாரோ தெலுங்குக்காரி. சத்தியவேடு பக்கத்து ஆள். நம்மடவர் இல்லை. நான்தான் ஏமாந்தேன். அவளும் ஊரைவிட்டுப் போய்விட்டாளாம். அந்தப் பேச்சு முடிந்தது.

எனக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் கொட்டகையிலிருந்து வந்து கிணற்றடியில் தலைக்குக் குளித்தேன், அது ஒத்துக்கொள்ளவில்லை. இருமல் விடவில்லை.

நாடகம் பார்க்காதவளுக்குச் சீட்டுப் போட உரிமை கிடையாது. உன் சீட்டைக் கிழித்துவிட்டேன். கடைசிப் பாகம் பதினாறாம் தேதி. நான் போவதாக இல்லை.

பராசரன்

—

திருவள்ளூர்
7-6-1974

அண்ணாவுக்கு ஹேமாம்புஜம் எழுதியது. உங்கள் ஜலதோஷத்தைத் தவிர இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை.

பொய் சொல்லத் தெரிந்தால் முழுவதும் சொல்ல வேண்டும். ஐம்பத்து நாலு வயசில், காலையில் ஸ்நானம் செய்தவர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதற்காகத் தலைக்குக் குளித்தீர்கள்? தெலுங்குக்காரி கை மோர் குடித்ததற்கா? அதற்குக் கால் கையைக் கழுவினால் போதுமே. பிணத்தின் கையால் வாங்கிக் குடித்துவிட்டோம் என்று தெரிந்தவர்தான் தலைக்குக் குளிப்பார். நாரத்தைக் கொழுந்தைக் கசக்கி மோரில் போடுகிறவள் இந்த ஜில்லாவில் ஒருத்திதான். மோரைப் பற்றி நீங்கள் முதலில் எழுதினபோதே எனக்குத் தெரியும். அன்றைக்கு இராத் தளிகை கூட நான் சரியாகச் செய்யவில்லை. நீங்கள் வாயைத் திறந்து சொல்வீர்கள் என்று இத்தனை வாரம் காத்திருந்தேன். கைமணத்தை வைத்துக் குலத்தைச் சொல்லிவிடுவீர்களாமே. உங்கள் தங்கை பெற்ற பெண்ணைச் சொல்ல முடியவில்லை.

என் பெண் இருக்கிறாள். உங்களுக்கு வெயிலில் தொண்டை வறளும் என்று நினைத்துப் பார்த்து மோர் அனுப்புகிற அளவுக்கு நன்றாக இருக்கிறாள். நீங்கள் அதைக் குடித்துவிட்டு வந்து அவளை மறுபடியும் கிணற்றடியில் கழுவி விட்டீர்கள்.

பதினாறாம் தேதி வருகிறேன். பெரியபாளையத்தில் பஸ் மாறி வரத் தெரியும். நாடகத்தைப் பார்த்துவிட்டு என் சீட்டை நானே போடுகிறேன்.

ஹேமாம்புஜம்

—

கும்மிடிப்பூண்டி
11-6-1974

ஹேமாவுக்கு ஆசீர்வாதம். க்ஷேமம் விசாரிக்க நேரமில்லை, இதை எம்பார் கண்ணில் படாமல் படித்துக் கிழித்துவிடு.

வராதே. நீ வந்தால் தெருவுக்குத் தெரியாமல் இருக்காது. எம்பார் நாளைக்குப் பெருமாள் சந்நிதியில் நிற்கிறபோது பின்னால் நாலு பேர் முணுமுணுப்பார்கள். பூமாவுக்கு நாலு மாசம் என்று நீதான் எழுதினாய். அவள் மாமியார் காதில் விழுந்தால் யார் பதில் சொல்வது? உன்னைப் போல அழுதுகொண்டே எதையும் செய்துவிடுகிறவர்களுக்காகத்தான் விதி என்று ஒன்றைப் பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள். நாலு வருஷமாக நான் கட்டிக் காப்பாற்றினதை ஒரு தம்ளர் மோருக்காக உடைக்காதே.

வந்தால் என் ஆத்துக்கு வராதே.

பராசரன்

—

திருவள்ளூர்
19-6-1974

அண்ணாவுக்கு ஹேமாம்புஜம் எழுதியது. நான் நலமாகத் திரும்பிவிட்டேன். உங்கள் இருமல் இன்னும் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றும் சொல்கிறேன்.

வராதே என்றீர்கள், ஆனால் முதலில் உங்கள் ஆத்துக்குத்தான் வந்தேன். இரண்டரை மணி இருக்கும். கதவைத் தட்டினேன். ஜன்னல் வழியாக உங்கள் செருப்பு தெரிந்தது, குடை தெரிந்தது. உள்ளே இருமினீர்கள். பிறகு துண்டை வாயில் வைத்துக்கொண்டு இருமினீர்கள். "அண்ணா, நான் ஹேமாம்புஜம்" என்று பேரையும் சொன்னேன். உங்கள் சட்டப்படி பேர் சொன்னால் திறக்க வேண்டும். நீங்கள் திறக்கவில்லை. வெயிலில் கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போனேன்.

கொட்டகை வாசலில் சாராள் என்னைப் பார்த்ததுமே கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க அரவிந்தம்மாவோட அம்மா தானே, மொகத்துலயே கீது" என்றாள். பின்பக்கம் குழாயடிக்கு அழைத்துக்கொண்டு போனாள். என் பெண் செம்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். இளைத்திருக்கிறாள். இடுப்பில் ஒரு பிள்ளை, இரண்டு வயசு. பராங்குசம் என்று வைத்திருக்கிறாளாம். கோவிலில் அப்பா சொல்லுகிற நம்மாழ்வார் பேராம். சர்ச்சில் அவனுக்கு வேறு பேர் இருக்கிறது. எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறான். நானும் அவளும் என்ன பேசினோம் என்று உங்களுக்கு எழுத மாட்டேன். அதைக் கேட்க உங்களுக்கு யோக்யதை இல்லை.

ஒன்று மட்டும் எழுதுகிறேன். மார்ச்சில் பஸ் ஸ்டாண்டில் அவள் உங்களைப் பார்த்திருக்கிறாள். கிட்டே வரப் பயந்து நின்றுவிட்டாளாம். நீங்கள் கொட்டகையில் எதையும் சாப்பிடாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறீர்கள் என்று சாராள் சொல்ல, மோர் அனுப்ப ஆரம்பித்திருக்கிறாள். நீங்கள் இருக்கிற ஞாயிறெல்லாம் கொட்டகைக்குள் வராமல் குழாயடியிலேயே நின்று நாடகத்தைக் காதால் கேட்டிருக்கிறாள். இரண்டாம் தேதி நீங்கள் அவளை நேரே பார்த்தீர்களாம். பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினீர்களாம். "மாமாவுக்கு ஓட்டம் கூட வரும்னு அன்னைக்குத்தாம்மா தெரிஞ்சுது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாடகத்துக்கு வருகிறேன். தலைவரைக் காணோம் என்று தானியேலே சீட்டை எண்ணினான். திற என்பதற்குத்தான் அதிகம். குப்புராஜ் கூடத் திற என்றுதான் போட்டிருந்தான், கேட்டதற்கு, "பேச்சு வேற, சீட்டு வேற" என்றான். மேடையில் தாயாராக வேஷம் போட்ட பையன் கதவருகே வந்து பெண்ணின் பேரை உள்ளேயிருந்து மூன்று தடவை சொன்னான். தாழ்ப்பாளை எடுத்தான். மில்லுக்குள் இருந்தவர்கள் மூலையில் ஒடுங்கினார்கள். அந்தப் பெண் உள்ளே வந்தது, தண்ணீர் கேட்டது, குடித்தது, உட்கார்ந்துகொண்டது. திரையை விட்டுவிட்டார்கள். "இன்னாடா இது, கடிக்கவே இல்ல" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். கொட்டகையே சிரித்தது. அரவிந்தவல்லி முதல் தடவையாக உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நான் திரும்பி வந்தபோது இவர் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. தெரிந்துதான் இருந்திருக்கிறது. பிள்ளைக்கு என்ன பேர் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பூணூலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு இராக் கைங்கரியத்துக்கு நேரமாகிறது என்று கோவிலுக்குப் போய்விட்டார். முணுமுணுக்கிறவர்கள் முணுமுணுக்கட்டும் என்று அதற்கு அர்த்தம்.

இனி உங்கள் கணக்கு. ஐந்து ஞாயிறு அவள் கையால் குடித்தீர்கள். அவள் பிணம் என்றால் நீங்கள் ஐந்து தடவை கடிபட்டவர். எத்தனை கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாலும் போகாது. அவள் பிணமில்லை என்றால், நாலு வருஷமாக உயிரோடிருக்கிற பெண்ணுக்காக என்னைக் குளிக்கவைத்தவர் நீங்கள். இரண்டில் எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். தட்டின தங்கைக்குத் திறக்காதவரோடு எனக்கு லெட்டர்ப் போக்குவரத்து வேண்டாம். இதற்குப் பதில் எழுதாதீர்கள். எழுதுவதானால் அவள் பேரை எழுதத் தெரிந்த பிறகு எழுதுங்கள். அவர்கள் இருப்பது சர்ச்சுக்குப் பின்னால், லைன் வீட்டில் மூன்றாவது கதவு.

ஹேமாம்புஜம்

—

கும்மிடிப்பூண்டி
22-7-1974

ஹேமாவுக்கு அண்ணா எழுதிக்கொண்டது. ஒரு மாதமாக என் உடம்பு எப்படி என்று நீ கேட்கவில்லை. கேட்க வேண்டாம். இருமல் போய்விட்டது. வயிற்றெரிச்சல் திரும்பி வந்துவிட்டது.

செருப்பை உள்ளே எடுத்து வைக்கத் தெரிந்தவனுக்கு ஜன்னலைச் சாத்தத் தெரியவில்லை. இவனை ஹெட்கிளார்க் என்று வைத்திருக்கிறார்கள். நீ தட்டினபோது நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன், நாலடி தூரம் கூட இல்லை. கை தாழ்ப்பாள் வரைக்கும் போயிற்று. உன் முழங்கால் வெயிலில் நிற்காது என்பது கூட நினைவுக்கு வந்தது. திறக்கவில்லை. திறந்தால் என்ன சொல்வது என்று தெரியாமல் திறக்காத கோழை நான். சாஸ்திரம், விதி என்று உனக்கு எழுதினதெல்லாம் அதற்கு மேல் போர்த்தின துணி.

ஆபீஸில் இப்போது யாரும் என்னோடு நாடகம் பேசுவதில்லை. ஞாயிறு நாலு மணிக்குக் கொட்டகை காலியாக இருக்கும் என்று தெரிந்தும் மூன்று வாரம் போய் உட்கார்ந்தேன். சாராள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "மோர் வராது சார், இனிமே நீங்கதான் போணும்" என்றாள்.

நேற்று போனேன். சர்ச்சில் பூசை முடிந்து ஜனம் கலைந்துகொண்டிருந்தது. எல்லோரும் பார்க்கிற நேரத்தில்தான் போக வேண்டும் என்று நினைத்தேன். பஞ்சகச்சமும் திருமண்ணுமாக லைன் வீட்டு வழியே போகிறவனைப் பார்க்காமல் யார் இருப்பார்கள்? குப்புராஜ் கூடக் குழாயடியில் நின்றிருந்தான். வாயில் இருந்த பல்குச்சியை எடுத்துவிட்டுப் பார்த்தான்.

மூன்றாவது கதவு. சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே பிள்ளை சிணுங்கியது. "யாரு?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. "அவர் ஷிப்டுக்குப் போயிருக்கார், பேரைச் சொன்னாத்தான் திறப்பேன்" என்றாள். என் பேர் எனக்கு வாயில் வரவில்லை, ஹேமா. மாமா என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஹெட்கிளார்க் என்று சொன்னால் காறித் துப்புவாள். தானியேல் எழுதினது சரிதான். தட்டுகிறவனுக்குத் தன் பேர் மறந்துதான் போகிறது. இத்தனை நாள் அந்தக் கதவுக்கு உள்ளே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வேறு பேர்தான் வந்தது. "அரவிந்தவல்லி" என்றேன். சத்தமாக வரவில்லை, மறுபடியும் சொன்னேன்.

பிறகு தாழ்ப்பாளை எடுத்தாள். கதவை விட்டு நகர்ந்து வழி விட்டாள். பராங்குசம் என் குடையைப் பிடுங்கிக்கொண்டான். அவள் உள்ளே போய்த் தம்ளரில் மோர் கொண்டுவந்து என் முன்னால் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அண்ணாந்து குடிக்கிறேனா என்று பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

உதட்டில் வைத்துக் குடித்தேன்.

பராசரன்